ஆறு புள்ளிக்கு நான் வரமாட்டேன்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கத்தியதற்கு இது பதில். அன்றைக்கே சொல்லியிருப்பேன், நீ எங்கே சொல்லவிட்டாய்? “யம்மா, இன்னா பண்ணி வெச்சிருக்க? லிஸ்ட்டுல உன் வெல பதினேழுன்னு வந்திருக்கு. எங்கனா தப்பா அமுக்கிட்டியா?” என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். நான் எங்கேயும் தப்பாக அமுக்கவில்லை. இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீலக் குறி விழும், ஆனால் நீ படித்தாயா தள்ளிவிட்டாயா என்பது எனக்குத் தெரியாது. அதனால்தான் காகிதத்தில் எழுதி, உன் கல்யாணப் பத்திரிகை கொடுக்கச் சென்னைக்கு வரும் உன் அப்பாவின் பையில் வைத்திருக்கிறேன். நீ படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். உட்காருவாரா, டீ குடிக்கக் கிளம்பிவிடுவாரா என்பதில் எனக்குச் சந்தேகம்தான்.

நான் சந்தேகப் பிராணி என்பது கச்சிராயபாளையத்துக்கே தெரியும். கேஸ் சிலிண்டரை எடை போட்டுப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. நகைக்கடையில் தராசு மேல் காற்று அடிக்கிறது என்று மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். நீ வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே போய் வெயிலில் நின்றாய். “சாமியே நேர்ல வந்து நின்னாலும் இவ ஆதார் கார்டு கேப்பா” என்று உன் அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். இப்படிப்பட்ட நான் இந்த உலகத்தில் ஒரே ஒருவனைத்தான் எடை போடாமல் நம்பினேன். அது நீதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் வாய்க்கால் மதகில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டு மூன்று மாதம் கட்டிலில் கிடந்தேனே, அப்போதுதான் நீ இந்தச் சீட்டாட்டத்தை என் போனில் ஏற்றிக் கொடுத்தாய். சீட்டு என்ற வார்த்தையைக் கேட்டதுமே போனைத் தள்ளி வைத்துவிட்டேன். பணம் கட்டச் சொல்வார்களா, பேங்க் நம்பர் கேட்பார்களா என்று ஒரு வாரம் உன்னைக் குடைந்தேன். “பைசா கெடையாதும்மா. நம்ம மாவட்டத்துக்காரங்க, எங்கெங்கியோ இருக்கறவங்க, மத்த நாள்ல யாரோட வேணா ஆடலாம், ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு அல்லாரும் ஒண்ணா சேந்து ஆடறோம். அவ்ளோதான்” என்றாய். அப்படியும் உன் அப்பாவின் பேங்க் பாஸ்புத்தகத்தை ஒரு மாதம் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். பிறகுதான் ஆட்டம் எனக்குப் பிடித்துப்போனது. எதிரில் இருக்கிறவர் எந்தச் சீட்டை மறைக்கிறார், மற்றதையெல்லாம் வெட்டும் துருப்புச் சீட்டை யார் கடைசிவரை கையில் வைத்திருக்கிறார் என்று ஊகித்துக்கொண்டே இருக்க வேண்டும். என்னைப் போன்றவளுக்கென்றே யாரோ கண்டுபிடித்த ஆட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு உன் அணியில் என்னைச் சேர்த்தாய். அணிக்கு நான்கு பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு விலை உண்டு. ரூபாய் இல்லை, புள்ளி. நன்றாக ஆடுகிறவருக்கு விலை ஜாஸ்தி, சுமாராக ஆடுகிறவருக்குக் கம்மி. நான்கு பேரின் விலையும் சேர்ந்து அறுபதைத் தாண்டக் கூடாது. கெட்டிக்காரர்களெல்லாம் ஒரே அணியில் போய்க் குவியக் கூடாது, சாதாரண ஆளுக்கும் ஓர் அணியில் இடம் வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது என்று நீதான் எனக்கு விளக்கினாய். நியாயமான ஏற்பாடு என்று நானும் தலையாட்டினேன். நீ இருபத்திரண்டு, உன் சிநேகிதன் இருபத்திரண்டு, மூன்றாவது ஆள் பத்து. மிச்சம் ஆறு இருந்தது. அந்த ஆறில் நான் உட்கார்ந்தேன்.

போட்டி தொடங்குவதற்கு முந்தைய மாதம் நீ போன் பண்ணினாய். “யம்மா, இந்த மாசம் கொஞ்சம் தோத்துடு. உனக்கு இன்னும் பழக்கம் பத்தல, தோத்தாத்தான் எதிராளி எப்டி ஆடறான்னு புரியும்” என்றாய். நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தோற்றேன். துருப்பு ராஜாவைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாம் நம்பர் சீட்டை இறக்கிய நாட்கள் உண்டு. அந்த மாதம் ஆடிய ஆட்டத்தை வைத்துத்தான் விலை போடுகிறார்கள் என்பதை நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சிலிண்டரை எடை போடுகிறவள் இதைக் கேட்கவில்லை பார். அடுத்த போட்டிக்கும் அதே போன், அதே பேச்சு. “உனக்கு அவ்ளோதாம்மா வரும், பரவால்ல, டீமுக்கு நாங்க இருக்கோம்” என்று வேறு சமாதானம் சொன்னாய். எனக்கு அவ்வளவுதான் வரும் போலிருக்கிறது என்று நானும் இருந்தேன்.

பங்குனியில் நாம் ஜெயித்தோம். கள்ளக்குறிச்சியில் ஒரு மண்டபத்தைப் பிடித்து எல்லா அணியையும் கூப்பிட்டுக் கோப்பை கொடுத்தார்கள். நீ அதை என் கையில் கொடுத்துப் படம் எடுத்தாய். அப்போது தியாகதுருகத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் அந்த அம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நம்மிடம் தோற்றுப்போன அணிக்கு அவள்தான் தலைவி. கேசரியை ஸ்பூனால் குத்திக்கொண்டே கேட்டாள்: “தப்பா நெனச்சிக்காதீங்கக்கா. லிஸ்ட்டு போடறதுக்கு முந்தின மாசம் மட்டும் நீங்க தோத்துக்கினே இருக்கீங்க. லிஸ்ட்டு வந்ததும் எங்கள அடிச்சித் தொவைக்கறீங்க. அது இன்னாக்கா கணக்கு?” எனக்குச் சுருக்கென்றது. “வயசாச்சும்மா, ஒருநாளப் போல ஒருநாள் இருக்கறதில்ல” என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போனேன். அவள் என்னைத் திருடி என்று சொல்லவில்லை. ஆனால் மருந்துச் சீட்டில் தேதி பார்க்கிற கண்ணால் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை வீட்டுக்கு வந்த பிறகும் என்னை விடவில்லை.

அப்போதும் உன்னைச் சந்தேகப்பட மனம் வரவில்லை. அவள் தோற்ற எரிச்சலில் பேசுகிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோப்பையை டிவி மேல் வைத்தேன். இரண்டு நாள் கழித்து எடுத்து அலமாரிக்குள் வைத்தேன். வைகாசி பிறந்ததும் உன் போன் வந்தது: “இந்த மாசம் கொஞ்சம் தோத்துடும்மா.” சரி என்றேன். சொன்ன பிறகு அடுப்பில் வைத்த பாலைப் பொங்கவிட்டுக்கொண்டு நின்றேன்.

அந்த வாரம்தான் நித்யா வந்தாள். நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு முதல் தடவையாக எலவனாசூர்கோட்டையிலிருந்து தன் அம்மாவோடு வந்து, பாதி நாள் இருந்துவிட்டுப் போனாள். பெரியவர்கள் மண்டபம், சமையல்காரர் என்று பேசிக்கொண்டிருந்தபோது, “அத்தே, வாங்க ஒரு ஆட்டம் போடலாம்” என்று என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். நீ அவளுக்கும் கணக்கு தொடங்கிக் கொடுத்திருந்தாய். பத்துப் புள்ளிக்காரர் விலகுகிறார், அந்த இடத்துக்கு அவள் என்று ஏற்கெனவே எனக்குச் சொல்லியிருந்தாய். தம்பி, உன் வருங்காலப் பெண்டாட்டி ஆடியதை நீ எப்போதாவது நிதானமாகப் பார்த்திருக்கிறாயா? மூன்று சீட்டு இறங்குவதற்குள் என் கையில் என்ன இருக்கிறது என்று பிடித்துவிட்டாள். நான் ஒளித்து வைத்திருந்த துருப்பை இழுத்து வெளியே போட்டாள். எனக்கு மேலே ஆடுகிறாள், உனக்கும் மேலேதான். மனசு குளிர்ந்துபோய், “இன்னாம்மா இப்டி போடற! நீ இருவது புள்ளிக்குக் கம்மியா வரமாட்ட போலயே” என்றேன்.

அவள் சிரித்தாள். “இல்ல அத்தே. இது நமக்குள்ள ஆடறதால. அவர் சொன்னாரு, இந்த மாசம் கொஞ்சம் தோத்துடு, உனக்கு இன்னும் பழக்கம் பத்தலன்னு. எனக்குந்தான் ஒண்ணும் தெரியாதே” என்றாள். எனக்குச் சொன்ன அதே வார்த்தை. ஒரு சொல்கூட மாற்றவில்லை நீ. அவள் அதை உன் அக்கறை என்று நினைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள், முகத்தில் அவ்வளவு பெருமை. நான் அந்த முகத்தைப் பார்க்க முடியாமல், காபி போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போய்விட்டேன். சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கலக்கியதை அவள் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றாள். அதற்கும் சேர்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

உன்னைத் திட்ட அன்று மாலையே போனை எடுத்தேன். எடுத்து, கீழே வைத்துவிட்டேன். உன்னைத் திட்டுவதற்கு முன்னால் நான் ஒருத்தியைப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. பச்சையம்மாவை உனக்கு நினைவிருக்கிறதா? நீ மூன்றாம் வகுப்பு படித்தபோது, மலையிலிருந்து அவளும் அவள் புருஷனும் வந்து நம் மோட்டார் கொட்டகையில் தங்கி வேலை செய்தார்களே. உனக்கு நாவல்பழம் பறித்துக் கொடுத்து, நாக்கு ஊதாவாகி நீ அதைத் தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தாயே, அவள்தான். அவளுக்கு நான் செய்ததை உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை.

கோமுகி அணையில் தண்ணீர் விட்டதும் இங்கே எல்லா வயலும் ஒரே நேரத்தில் நடவுக்கு வரும் என்பது உனக்குத் தெரியும். பதினைந்து நாளைக்கு நடவு ஆளுக்கு அடிதடிதான். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு ஆளை மாற்றிக்கொள்வோம். நம் வீட்டிலிருந்து நான்கு பேர் அவர்கள் வயலுக்குப் போனால், அவர்கள் வீட்டிலிருந்து நான்கு பேர் நம் வயலுக்கு வர வேண்டும். புதிதாக நடப் பழகுகிறவளாக இருந்தால் அவளை அரை ஆள் என்று எடுத்துக்கொள்வார்கள். இரண்டு அரை ஆள் சேர்ந்தால் ஓர் ஆள். யார் முழு, யார் அரை என்று அந்தந்த வீட்டுக்காரி சொல்வதுதான், பிறகு அதை யாரும் போய்ச் சோதிப்பதில்லை. பச்சையம்மா வந்த முதல் வருடம் சேற்றில் தடுமாறினாள். இரண்டாம் வருடம் அவள் கை போன வேகத்தைப் பார்த்து நான் வரப்பில் அப்படியே நின்றுவிட்டேன். மற்றவர்கள் பாதி பாத்தியில் இருக்கும்போது அவள் மறுகரையில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள்.

இது ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? பெரிய வயல்காரர்கள் முன்பணம் கொடுத்துக் கொத்திக்கொண்டு போவார்கள். அதனால் தண்ணீர் பிடிக்கிற இடத்தில், பத்துப் பேர் காதில் விழும்படி ஒருநாள் சொன்னேன்: “மலையிலேர்ந்து வந்தவ, அவளுக்குச் சேத்துல கை வராதுங்க. பாவம், அரை ஆளுதான்.” ஒரு தடவைதான் சொன்னேன். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. அரை ஆள் என்று சொல்லிவிட்டு முழுக் கூலி கொடுத்தால் என் பொய் வெளியே வந்துவிடுமே, அதனால் அரைக் கூலியே கொடுத்தேன். மனசு உறுத்தும்போது ஒரு படி அரிசி, ஒரு பழைய புடவை. வாங்கிக்கொண்டு அவள் கும்பிடுவாள். மூன்று நடவு இப்படி ஓடியது. பிறகு அவள் புருஷனுக்கு உடம்பு முடியாமல் போய் மலைக்கே திரும்பிவிட்டார்கள்.

நித்யா வந்துபோன மறுநாள் காலையில் வெள்ளிமலை பஸ் ஏறினேன். உன் அப்பாவிடம் தேன் வாங்கப் போகிறேன் என்றேன். வளைவுக்கு வளைவு தலை சுற்றியது. உண்மையாகவே பாதி வழியில் இறங்கிவிடலாமா என்று நினைத்தேன். அவளைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. பஸ் நிற்கிற இடத்திலேயே, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் அரிந்துகொண்டிருந்தாள். தலை நரைத்துவிட்டது, ஆனால் அந்தக் கை அப்படியே இருந்தது. நொண்டிக்கொண்டே வந்த என்னைப் பார்த்ததும், “யக்கா! நீங்களா? இன்னாக்கா இம்மாந்தூரம், அதுவும் இந்தக் காலோட!” என்று எழுந்து, சாக்கைத் தட்டிப்போட்டு உட்காரச் சொன்னாள். சுளையைப் பிரித்துக் கையில் கொடுத்தாள். தின்னவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை. கையில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருக்க, அப்படியே சொன்னேன். அரை ஆள் என்று ஊரில் நான்தான் சொன்னேன், வேண்டுமென்றே சொன்னேன், நீ எங்கள் ஊர் ஆட்களிலேயே முதல் ஆள் என்று தெரிந்தே சொன்னேன் என்றேன்.

பழத்தை அரிந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள். “ஊரு சொன்னதுல எனக்கு ஒண்ணுமில்லக்கா. நானே அப்டித்தான்னு நெனச்சிக்கினு இருந்தேன். கீழ்நாட்டு வேலை நமக்குக் கை வராதுன்னு. இவரு போன பொறவு ஒரு வருசம் கள்ளக்குறிச்சி பக்கம் நடவுக்குப் போனேன். சாயங்காலம் அந்த வூட்டம்மா முழுக் கூலி குடுத்துச்சி. நான் பாதிய எடுத்து, ‘தப்பா குடுத்துட்டீங்கம்மா, நான் அரை ஆளு’ன்னு திருப்பிக் குடுத்தேன். அல்லாரும் சிரிச்சாங்க. வெளையாடறேன்னு நெனச்சிட்டாங்க.” சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை, தம்பி. கூலியைக் குறைத்தது ஒரு பாவம். அதை அரிசி கொடுத்துச் சரிக்கட்டலாம் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். நான் உண்மையில் எடுத்துக்கொண்டது வேறு. அவள் கை நல்ல கை என்பது அவளுக்கே தெரியாமல் ஆக்கியிருக்கிறேன். மன்னித்துவிடு என்று கேட்டேன். திரும்பும் பஸ் வந்ததும் ஒரு பையில் சுளை கட்டிக் கொடுத்தாள், நான் காசு நீட்டியபோது வாங்கிக்கொண்டாள், முழு விலையும். வாங்கிக்கொண்டதே எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இறங்கி வரும்போது வழியெல்லாம் யோசித்தேன். நித்யாவும் ஒருநாள் யாரிடமாவது பாதியைத் திருப்பிக் கொடுப்பாள். நீ அவளுக்குக் கெடுதல் செய்யத் திட்டம் போடவில்லை என்று எனக்குத் தெரியும். நானும் அந்தத் தண்ணீர்க் குழாயடியில் கெடுதல் நினைத்துச் சொல்லவில்லை. நம் அணி ஜெயிக்க வேண்டும், நம் வயல் முந்த வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒருத்தியைப் பார்த்து “உனக்கு அவ்ளோதான் வரும்” என்று நாலு தடவை சொன்னால் ஐந்தாவது தடவை அவளே சொல்லிக்கொள்வாள். நான் சொல்லிக்கொண்டேனே. அறுபதாவது வயதை நெருங்குகிற, ஊரையே சந்தேகப்படுகிற நான், என்னைப் பற்றி நீ சொன்னதை மட்டும் சரிபார்க்கவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன். எதற்காகத் தோற்கச் சொன்னாய் என்று தெரிந்த நாளிலிருந்து நான் ஜெயித்ததன் மேலும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. பங்குனியில் என்னிடம் தோற்றவர்களில் எத்தனை பேர் உண்மையாகத் தோற்றார்கள்? யாருடைய மகன் யாருக்கு போன் பண்ணியிருந்தான்? அந்தக் கோப்பையைப் பார்த்தாலே இதுதான் தோன்றுகிறது.

இந்த வித்தையை நீ எங்கே கற்றாய் என்றும் யோசித்துப் பார்த்தேன். என்னிடம்தான். மழைக்காலத்தில் பள்ளிக்கூடம் விடுமுறை விட்டால் நாம் இருவரும் பாயில் உட்கார்ந்து கழுதை ஆடுவோம். நீ தோற்றால் சீட்டை வாரி வீசிவிட்டு அழுவாய். அதனால் நான் தோற்றுக் கொடுப்பேன். நல்ல சீட்டைப் புடவைக்குள் ஒளித்துக்கொண்டு கழுதையாவேன். “அம்மாவுக்கு ஆடவே தெரியல” என்று நீ கை தட்டிக் குதிப்பதைப் பார்க்க அவ்வளவு ஆசை எனக்கு. உன் மேல் பாசமுள்ள பொம்பளை உனக்காகத் தோற்க வேண்டும் என்று உனக்கு நான்தான் பழக்கிவிட்டேன். அந்தத் தப்பை உன் தலையில் கட்டமாட்டேன். ஆனால் அதை இத்தோடு நிறுத்த வேண்டும், அதுவும் என்னிடமிருந்துதான் நிற்க வேண்டும்.

அதனால் வைகாசியின் மிச்ச நாளெல்லாம் ஒழுங்காக ஆடினேன். உன்னிடம் சரி என்று சொல்லிவிட்டு ஏமாற்றியது உண்மைதான். அதற்கு வேண்டுமானால் கோபித்துக்கொள். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவேன். உன் அப்பா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “இன்னாடி, பரீட்சைக்கா படிக்கற?” என்பார். ஆமாம், பரீட்சைதான். துருப்பு ராஜா வந்தால் ராஜாவைப் போட்டேன். தோற்ற ஆட்டங்களிலும் உண்மையாகத் தோற்றேன், அதற்கே ஒரு தனி ருசி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பட்டியல் வந்தது. என் பெயருக்கு நேரே பதினேழு. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை பார்த்தேன். அதன் பிறகு போட்டி நடத்தும் குழுவில் சொல்ல வேண்டியவர்களிடம், இதற்கு முந்தைய இரண்டு விலையும் தப்பு, நான் வேண்டுமென்றே தோற்று வாங்கியது, கோப்பையைப் பற்றி நீங்களே ஒரு முடிவு எடுங்கள் என்று என்னைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டேன். யார் சொல்லித் தோற்றேன் என்று கேட்டார்கள். அதை அவனே வந்து சொல்வான் என்றேன்.

நீயும் உன் சிநேகிதனும் நாற்பத்து நான்கு, நான் பதினேழு. அறுபத்தொன்று. நாலாவது ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே வரம்பு உடைந்துவிட்டது. நீ கத்தியது அதற்காகத்தானே? ஒரு புள்ளியால் உன் அணியில் நான் இல்லை. நீ கத்தி வைத்த கொஞ்ச நேரத்தில் இன்னொரு போன் வந்தது. தியாகதுருகத்து மருந்துக்கடை அம்மாள். “யக்கா, பதினேழு குடுத்து நாங்க எடுத்துக்கறோம். எங்களுக்கு மிச்சம் இருக்கறதே பதினெட்டுதான், பரவால்ல. வருவீங்களா?” என்றாள். பழைய சந்தேகம் விடவில்லை, “லிஸ்ட்டு போடறதுக்கு முந்தின மாசம் இன்னா செய்யணும்?” என்று கேட்டேன். “ஒண்ணும் செய்ய வேணாங்க்கா. ஜெயிச்சா ஜெயிங்க” என்றாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இனி உன் கையில் இருப்பது ஒன்றுதான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இருபது ஆட்டம் பார்த்து விலை போடுவார்களே, நித்யா இதுவரை பன்னிரண்டு ஆடியிருக்கிறாள். அதில் இரண்டுதான் ஜெயித்திருக்கிறாள். என் போனிலேயே தெரிகிறது. என் துருப்பை மூன்றே சீட்டில் உருவியவள் பன்னிரண்டில் இரண்டு. இன்னும் எட்டு ஆட்டம் இருக்கிறது. ஆவணியில் நீ தாலி கட்டப்போகிற பெண், உனக்கு அடக்கமான விலையில் உன் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று நினைக்கிறாயா, அவளுக்கு உண்டான விலையில் எங்கே இருந்தாலும் பரவாயில்லை என்று நினைக்கிறாயா என்பதை நீ இந்த எட்டு ஆட்டத்துக்குள் முடிவு பண்ண வேண்டும். இது சீட்டாட்டத்தோடு நிற்காது, தம்பி. நாளைக்கு அவளுக்குப் பதவி உயர்வு வரும், வேறு ஊரில் வேலை வரும், உன்னைவிடச் சம்பளம் ஜாஸ்தியாகும். அப்போதும் உன் அறுபதுக்குள் அடங்க வேண்டும் என்று அவளிடம் பாசமாக ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரும். சொல்லிவிட்டால் அவள் கேட்பாள், அதுதான் என் பயம். உன்னைப் பெற்றவளாக இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

நித்யாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குத் தனியாகக் கடிதமும் எழுதவில்லை. நீ படித்து முடித்ததும் இதை அவளிடம் கொடு. பச்சையம்மாவின் பெயரையோ என் பொய்யையோ மறைத்துக் கொடுக்க வேண்டாம், முழுசாகக் கொடு. பைக்கு அடியில் பழைய துண்டில் சுற்றி அந்தக் கோப்பையையும் வைத்திருக்கிறேன். குழு என்ன முடிவு எடுத்தாலும் அதைக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டியவன் நீ. பதினேழு புள்ளிக்கு வாங்கியதாக இருந்தால் அதை நானே டிவி மேல் வைத்துக்கொண்டிருப்பேன்.

கடிதத்தை அவளிடம் கொடுத்தாயா என்று உன்னிடம் போன் பண்ணிக் கேட்கமாட்டேன். கேட்டால் கொடுத்தேன் என்றுதான் சொல்வாய், நான் நம்பமாட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை புதியவர்களின் பட்டியல் வரும். அதில் அவள் பெயருக்கு நேரே இருக்கும் எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். அதற்கு அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு முதல் ஆட்டம், உன் அணிக்கும் எங்கள் அணிக்கும். சீட்டை வாரி வீசாமல் உட்கார்ந்து ஆடு. இந்தத் தடவை புடவைக்குள் நான் ஒன்றும் ஒளிக்கப்போவதில்லை.

அம்மா